ஒரே வண்டிக்கு இரண்டு ஓட்டுநர்கள்

அன்புள்ள சேவியர்,

நீ ஏழாம் வகுப்பு படிக்கும்போது என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். பள்ளிக்கூடத்துத் தண்ணீர்த் தொட்டியின் குழாய் உடைந்து, நான் உன்னையும் உன் அண்ணன் அந்தோணியையும் விசாரித்து முடித்திருந்த நேரம் அது. பிரம்படி பட்ட உள்ளங்கையை டிராயரில் தேய்த்துக்கொண்டே, "ஏம்மா, எங்க ரெண்டு பேரையும் எப்பவும் தனித்தனியாவே கூப்ட்டு கேக்கற? ஒண்ணா நிக்க வச்சு கேட்டா இன்னா?" என்றாய். ஒன்றாக நிற்க வைத்தால் ஒருவன் முகத்தைப் பார்த்து இன்னொருவன் பொய் சொல்வான், தனியாகக் கேட்டால்தான் உண்மை வரும் என்று பதில் சொன்னேன். முப்பது பிள்ளைகள் இருக்கிற வகுப்பில் திருட்டுப் போன பென்சிலைக் கண்டுபிடிக்க அது நல்ல வழிதான். ஆனால் உனக்குச் சொன்ன பதிலை இன்று நான் திருத்தியாக வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

உன் அறைத் தோழன் முத்து கூடத்தில் உட்கார்ந்து தோசை சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். அவன் இருங்காட்டுக்கோட்டை பஸ்ஸைப் பிடிப்பதற்குள் எழுதி முடிக்க வேண்டும். போன் செய்தால் நீ எடுப்பதில்லை. சிம்மையே மாற்றிவிட்டாய் என்று முத்து சொல்கிறான். புதன்கிழமை உன் விடுதிக்கு நேரிலேயே வந்தேன், அது உனக்குத் தெரியுமோ தெரியாதோ. கேட்டில் பழைய இரும்புக் காண்ட்ராக்டர் வேலுவின் ஆள் ஒருவன் நின்றிருந்தான். "டீச்சர், புள்ளயப் பாக்க வேணாம்னு அண்ணே சொல்லிகிறாரு. உங்க நல்லதுக்குதான்" என்றான். பெற்ற பிள்ளையைப் பார்க்காமல் இருப்பதில் எனக்கு என்ன நன்மை என்று யோசித்துக்கொண்டே திரும்பி வந்தேன். அந்த யோசனை இன்னும் முடியவில்லை. உனக்குத் தெரிந்த விஷயங்களையும் இதில் எழுதுவேன், எரிச்சல்படாதே. கணக்குப் போடும்போது கொடுக்கப்பட்டதை முதலில் வரிசையாக எழுதச் சொல்வேன் அல்லவா, அப்படி நினைத்துக்கொள்.

உன் அப்பா இரும்பு உருக்கிய ஃபவுண்டரி மூடிக் கிடக்கிறது. ஒரகடம் பக்கம் புதுக் கம்பெனிகளுக்கு லாரி லாரியாக மண் கொட்டிக்கொண்டிருக்கும்போது, நம் ஊர் ஃபவுண்டரியின் உலைக்குள் எருக்கஞ்செடி முளைத்துவிட்டது. உள்ளே கிடக்கும் உடைசலை அள்ளிக்கொள்ள ஸ்க்ராப் காண்ட்ராக்டர் வேலுவுக்கு அனுமதி இருந்தது. உடைசலோடு மோட்டாரும் செம்புக் கம்பியும் சேர்ந்து போவது ஊரில் எல்லாருக்கும் தெரியும். சொன்னவர் ஒருவர்தான். அப்பாவோடு வேலை பார்த்து, மூடிய பிறகு அங்கேயே வாட்ச்மேனாக உட்கார்ந்த சின்னப்பன். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வேலுவின் லாரி, அந்தோணி வழக்கமாக ஓட்டுகிற அதே வண்டி, சுமையோடு வெளியே வந்தபோது அவர் கேட்டை இழுத்துச் சாத்திக்கொண்டு குறுக்கே நின்றார். லாரி நிற்கவில்லை. துருப்பிடித்த கேட் கீலோடு பெயர்ந்து அவர் மேல் விழுந்தது. ஆஸ்பத்திரியில் கண் திறக்காமலே போய்ச் சேர்ந்தார். உன்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு மாதா திருவிழாவுக்குத் தேர் காட்டிய மனிதர். வண்டியை எல்லாரும் அடையாளம் சொன்னார்கள். ஓட்டியவன் முகத்தைப் பார்த்ததாக ஒருவரும் சொல்லவில்லை.

போலீஸுக்கு ஓர் ஆள் வேண்டும். நம் பக்கம் இந்தத் தொழிலில் அதற்கென்று ஒரு வழக்கம் உண்டு, உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. செய்தவன் ஒருவன், கோர்ட்டில் சரண்டர் ஆகிறவன் இன்னொருவன். கல்யாணம் ஆகாதவனாக, மேலே ஒரு கேஸும் இல்லாதவனாகப் பார்த்து அனுப்புவார்கள். சீக்கிரம் ஜாமீனில் எடுத்துவிடுவோம், வீட்டை நாங்கள் பார்த்துக்கொள்வோம் என்பார்கள். போய்விட்டு வந்தவனுக்கு டீக்கடையில் ஒரு மரியாதையும் கிடைக்கும். என்னிடம் படித்த பையன் ஒருவன் அப்படி ஓர் அடிதடி கேஸுக்குப் போய் வந்தான். கார் கம்பெனியில் பரீட்சை எழுதினான், மெடிக்கல் முடித்தான், இனிப்புகூட கொண்டு வந்து கொடுத்தான். போலீஸ் விசாரணைக் காகிதம் வந்ததும் கம்பெனி கதவைச் சாத்திவிட்டது. யாருக்காகப் போனானோ அவனுடைய யார்டிலேயே இப்போது பழைய எஞ்சின் பிரித்துக்கொண்டிருக்கிறான். என்னைப் பார்த்தால் கிரீஸ் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு "வணக்கம் டீச்சர்" என்கிறான். அது அடிதடி கேஸ். இதில் ஓர் உயிர் போயிருக்கிறது.

வேலு என் வீட்டுக்கு வந்தது சின்னப்பனை அடக்கம் செய்த வாரம். செருப்பை வாசலிலேயே விட்டான். நான் சொல்லும்வரை நாற்காலியில் உட்காரவில்லை. ஒரு பை நிறைய ஆப்பிள். "டீச்சர், உங்க கையால அடி வாங்கினவன் நானு. உங்ககிட்ட பொய் சொல்லுவனா?" என்று ஆரம்பித்தான். நான் கேட்காமலே பொய்யைப் பற்றிப் பேசுகிற மாணவனை நான் எப்போதும் இன்னொரு முறை பார்ப்பேன். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "பெரியவன்தான் ஓட்டிகினு போனான். வேணும்னு பண்ணல டீச்சர், பதட்டத்துல மிதிச்சுட்டான். அவனுக்குப் பொண்டாட்டி கீது, கைக்கொழந்த கீது. சின்னவன் தானா வந்து, 'அண்ணே, அவன் வேணாம், நான் போறேன்'றான். எனக்கே கண்ணுல தண்ணி வந்துடுச்சு. இப்படி ஒரு தம்பி யாருக்குக் கெடைப்பான்?" பிறகு குரலைத் தாழ்த்தினான். "ஆனா ரெண்டு பேரும் இப்ப பாத்துக்கக் கூடாது. போன்ல பேசக் கூடாது. போலீஸ்காரன் ஒட்டுக் கேட்டுகினே இருப்பான். நீங்களும் எதுவும் கேட்டுகினு இருக்காதீங்க."

மரியாதைக்கு நான் அவன் தம்பி பாபுவைப் பற்றி விசாரித்தேன். எடை மேடை வாசலில் ஒரு கையால் ஸ்டியரிங்கைச் சுற்றி லாரியை ரிவர்ஸ் எடுத்து வேடிக்கை காட்டுவானே, அந்த பாபு. "அவனா? பெங்களூர் போயிகிறான் டீச்சர், வேல விசயமா" என்று எழுந்துவிட்டான். வாசலில் செருப்பை மாட்டும்போது, "இதெல்லாம் யாருகிட்டயும் பேசலயே டீச்சர்?" என்று கேட்டான். அந்த ஆப்பிள்கள் பையிலேயே வதங்கிக் கிடக்கின்றன. எனக்கு அவற்றைத் தொடப் பிடிக்கவில்லை, தூக்கி எறியவும் பயம்.

அன்று நான் வேலுவை நம்பினேன். அந்தோணிக்கு மூக்கின் மேல் கோபம், பதற்றம் வந்தால் கைகால் பேச்சைக் கேட்காது, அப்பா செத்த அன்று சுவரில் குத்திக் கையை உடைத்துக்கொண்டவன் என்றெல்லாம் என் மனம் தானாகவே காரணம் தேடிக்கொடுத்தது. ஒருவன்மேல் சந்தேகம் வந்துவிட்டால் அவன் சின்ன வயதில் செய்ததெல்லாம்கூட சாட்சி சொல்ல வந்து நிற்கிறது. உனக்கும் அப்படித்தான் ஆகியிருக்கும். அண்ணன்தானே அந்த லாரியை வழக்கமாக ஓட்டுகிறவன், வேறு யார் ஓட்டியிருப்பார்கள் என்று நீயும் நினைத்திருப்பாய். கேட்டால் அவன் கூனிக் குறுகிப்போவான் என்று அவனைக் கேட்கவும் இல்லை. நம் வீட்டில் யாரும் யாரையும் நேராகக் கேட்பதில்லை. விசாரிக்கிற வேலை எப்போதும் என்னுடையதாகவே இருந்துவிட்டது.

போன வெள்ளிக்கிழமை ரீட்டா வந்தாள். உன் அண்ணியும் நானும் குழந்தையின் ஞானஸ்நானத்தன்று பெயர் வைப்பதில் சண்டை போட்டுக்கொண்ட பிறகு அவள் இந்த வாசற்படி மிதித்ததில்லை. மாமியாரும் மருமகளும் பேசிக்கொள்வதில்லை என்பது வடக்குப்பட்டிலிருந்து தண்டலம் வரைக்கும் தெரியும். வேலுவுக்கும் தெரியும். அவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றே அழுதாள். "அத்த, உங்க மேல கோவம்தான், இல்லன்னு சொல்லல. ஆனா உங்க புள்ளைக்கு புத்தி சொல்லுங்க. சின்னவரு பண்ணதுக்கு இவரு ஜெயிலுக்குப் போறேன்னு ஒரே புடியா நிக்கறாரு."

"சின்னவன் என்ன பண்ணான்?" என்று கேட்டேன்.

"அவருதானே அத்த வண்டிய எடுத்தது? லாரி ஓட்டக் கத்துக்கறேன்னு லீவு நாள்ல வந்து எடுப்பாராமே. வேலு அண்ணன்தான் சொன்னாரு. சின்னவருக்கு கம்பெனில பர்மனன்ட் ஆவப் போவுது, கேஸுன்னு வந்தா வாழ்க்கையே போயிடும்னு இவருகிட்ட சொல்லிட்டாரு. இவரு உடனே, 'என் தம்பி போவக் கூடாது, நான் போறேன்'னுட்டாரு. இப்ப தண்டலத்துல ஏதோ ரூம்ல வச்சிகிறாங்க. தம்பிய பாக்கக் கூடாதாம், பேசக் கூடாதாம். ராத்திரி துணி எடுக்க வந்தவரு கொழந்தையக்கூட சரியா தூக்கல."

"அன்னைக்கு மத்தியானம் அந்தோணி எங்க இருந்தான், ரீட்டா?"

"எங்க இருப்பாரு? வூட்லதான். கறிசோறு துன்னுட்டு கொறட்ட வுட்டுகினு இருந்தாரு. இது அவரு வயித்து மேல ஏறி ஏறி குதிக்குது, அதுகூடத் தெரியாத தூக்கம்."

சேவியர், இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி, இரண்டு பேச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். என்னிடம் வேலு சொன்னது: அந்தோணி ஓட்டினான், தம்பி போகிறான். அந்தோணியிடம் வேலு சொன்னது: தம்பி ஓட்டினான், அண்ணன் போகிறான். ஒரு லாரிக்கு ஒரு ஸ்டியரிங்தான். உன்னிடம் என்ன சொன்னான் என்று நான் கேட்கத் தேவையில்லை. திங்கட்கிழமைக்கு நீ லீவு கேட்டிருக்கிறாய் என்று முத்து சொன்னான்; அன்று காலைதான் உன்னைக் கோர்ட்டுக்கு அழைத்துப் போகப்போகிறான். கடைசி நேரத்தில் உன் மனம் மாறினால், தண்டலத்து அறையில் இன்னொருவன் தயாராக இருக்கிறான், ஸ்பேர் டயர் மாதிரி.

அதன் பிறகு எனக்கு எல்லார்மேலும் சந்தேகம் வந்தது. பால் வாங்கப் போகிற சாக்கில் வேலுவின் ஷெட்டுக்கு எதிரே டீக்கடையில் நின்றேன். கடைக்காரர் இட்லிப் பொட்டலம் கட்டி, "மாடிக்கு" என்று ஒருவனிடம் கொடுத்தார். ஷெட் மாடியில் யார் இருக்கிறார்கள் என்று சும்மா கேட்பதுபோலக் கேட்டேன். "பாபுதான் டீச்சர். காச்சலாம். தல வெளிய காட்டமாட்டேங்கறான், மூணு வேளையும் பார்சல்தான்" என்றார். பெங்களூரில் இருப்பவனுக்கு இங்கே இட்லி போகிறது. அதை வைத்து ஒருவனைக் குற்றவாளி என்று சொல்லிவிட முடியாது, அது எனக்கும் தெரியும். ஆனால் வேலுவுக்கும் ஒரு தம்பி இருக்கிறான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நீங்கள் இருவரும் ஒருவருக்காக ஒருவர் செய்யத் துணிந்ததைத்தான் அவனும் தன் தம்பிக்காகச் செய்கிறான். என்ன, அவன் உங்களை வைத்துச் செய்கிறான்.

ஸ்டேஷனுக்கும் போனேன். "வண்டி ஓட்டினத நேர்ல பாத்தீங்களா டீச்சர்?" என்றார்கள். இல்லை என்றேன். "அப்ப பாத்தவங்களக் கூட்டிகினு வாங்க." அதில் தவறு சொல்ல முடியவில்லை. ஆனால் திரும்பி வரும்போது ஸ்டேஷன் ஜீப் வேலுவின் எடை மேடை நிழலில் நிற்பதைப் பார்த்தேன். நிழலுக்காக நின்றிருக்கலாம். இப்போதெல்லாம் எதைப் பார்த்தாலும் என் மனம் அதன் பின்னால் ஒன்றைத் தேடுகிறது.

முத்துவையும் நான் விடவில்லை. தோசை சுட்டுக்கொண்டே, அந்த ஞாயிற்றுக்கிழமை நீ எங்கே இருந்தாய் என்று கேட்டேன். "ரூம்லதான் கெடந்தான் டீச்சரம்மா. துணியத் தொவச்சுப் போட்டுட்டு கீழ கடைல உக்காந்து கிரிக்கெட் பாத்தோம்லா. இவன் பந்தயத்துல தோத்து எங்க எல்லாத்துக்கும் டீ வாங்கித் தந்தான். என்னத்துக்கு கேக்கிய?" என்றான். பிறகு அவனே, "ராத்திரி ஒறங்க மாட்டேங்கான். கட்டில்ல உக்காந்து செவத்தையே பாத்துட்டு இருக்கான். கேட்டா, அண்ணனுக்கு கொழந்த இருக்குலாங்கான். இன்னொரு தோசை இருக்கா?" என்றான். நல்ல பிள்ளை. ஆனாலும் மனைவி கணவனுக்காகவும் நண்பன் நண்பனுக்காகவும் பொய் சொல்வது உலகத்தில் உண்டு. ரீட்டா சொன்னதும் முத்து சொன்னதும் உண்மைதான் என்று என் உள்ளம் சொல்கிறது. ஆனால் இதே உள்ளம்தான் போன வாரம் அந்தோணியைக் குற்றவாளி ஆக்கியது. அதனால் என் பேச்சை நம்பி நீ எதையும் முடிவு செய்ய வேண்டாம்.

குழாய் உடைந்த கதைக்குத் திரும்பி வருகிறேன். அன்று உன்னைத் தனியாக அழைத்து, "உன் அண்ணன் எல்லாத்தையும் சொல்லிட்டான்" என்றேன். அவன் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. உடனே நீ, "இல்லம்மா, அவன் இல்ல, நான்தான் ஒடச்சேன்" என்றாய். அந்தோணியை அழைத்து உன் பெயரைச் சொன்னேன். அவனும் அதையே சொன்னான். இருவரில் ஒருவன் பொய் சொல்கிறான் என்று நினைத்து இருவருக்கும் அடி கொடுத்தேன். மறுவாரம் பார்த்தால், பக்கத்துத் தெரு எருமை வந்து சாவகாசமாக அந்தத் தொட்டியில் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தது. மாற்றிய குழாயும் போயிற்று. பள்ளிக்கூடமே சிரித்தது, நானும் சிரித்தேன். நான் உங்கள் இருவரையும் விசாரித்தபோது வருகைப் பதிவேடு வாங்க வந்து கதவருகே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவன் யார் தெரியுமா? பத்தாம் வகுப்பு வேலு. பெரியவனாகி ஷெட் போட்ட பிறகு, சுமை ஏற்றுகிற ஆட்கள் ஏதாவது திருடினால் அவர்களைத் தனித்தனியாக அழைத்து, மற்றவன் சொல்லிவிட்டான் என்று சொல்லிப் பிடிப்பானாம். "நம்ம டீச்சர் டெக்னிக்" என்று கல்யாண வீட்டில் எல்லார் முன்னாலும் சொல்லிச் சிரித்தான். எனக்கு அன்று பெருமையாகக்கூட இருந்தது.

அந்த வழியில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. ஒருவன்மேல் ஒருவனுக்குப் பாசம் இல்லாத பிள்ளைகளிடம் அது உண்மையை வரவழைக்கும். பாசம் இருக்கிற பிள்ளைகளிடம் செய்யாத குற்றத்தை வரவழைக்கும். எருமை செய்ததற்குக்கூட என் இரண்டு பிள்ளைகளும் கை நீட்டினீர்கள். வேலு பார்த்து வைத்துக்கொண்டது அதைத்தான். உங்களிடம் அவன் பயன்படுத்துவது உங்கள் கெட்ட குணம் எதையும் அல்ல என்பதால்தான் உங்களுக்குச் சந்தேகமே வரவில்லை. தியாகம் செய்யப் போகிறவன் கேள்வி கேட்பது அசிங்கம் என்று நினைக்கிறான். எந்த மனிதனாவது உன்னை நல்லவன் என்று புகழ்ந்து, அதே மூச்சில் உன் சொந்தக்காரனோடு பேசாதே என்று சொன்னால், அங்கேயே நின்று யோசி. வாழ்நாள் முழுவதற்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

இந்தக் கடிதத்தை ரீட்டா உள்ளே உட்கார்ந்து பார்த்து இன்னொரு படி எழுதிக்கொண்டிருக்கிறாள். நான் ஒரு தாளை முடித்தால் அவள் அதை வாங்கிக்கொள்கிறாள். "அத்த, உங்க கையெழுத்து பாடப் புஸ்தகம் மாதிரி கீது, எனக்குத்தான் வர மாட்டேங்குது" என்கிறாள். அவள் எழுதியது இன்று சாயங்காலம் துணி எடுக்க வருகிற அந்தோணியின் சட்டை மடிப்புக்குள் போகும். உனக்கு எழுதியதை வரி மாறாமல் அவனும் படிப்பான். உனக்கு ஒரு பேச்சு, அவனுக்கு ஒரு பேச்சு என்பது இன்றோடு என் வீட்டில் முடிந்தது.

உங்களில் ஒருவன் உண்மையிலேயே அந்த வண்டியை ஓட்டியிருந்தால், அவனை நானே கைப்பிடித்துக் கோர்ட்டுக்கு அழைத்துப் போவேன். சின்னப்பனுக்கு அந்தக் கடன் நமக்கு இருக்கிறது. இருவருமே ஓட்டவில்லை என்றால், இருவரும் சேர்ந்து ஸ்டேஷன் வாசலில் நின்று அதைச் சொல்லுங்கள், நான் பின்னால் நிற்கிறேன். ஓட்டியவனைப் பார்த்தவர் யாரும் இல்லாமல் இருக்கலாம். ஆனால் உங்கள் இருவரையும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் பார்க்கத்தான் வேலு பயப்படுகிறான்.

நாளைக் காலை ஞாயிறு பூசை. கோயிலுக்குப் போகாதே என்று சொல்ல வேலுவுக்கும் வாய் வராது. வா. ஆண்கள் பக்கம், தூண் ஓரம், அந்தோணி வழக்கமாக நிற்கிற இடத்துக்கே போய் நில். நான் அருகில் வரமாட்டேன், எதுவும் விசாரிக்கமாட்டேன். பூசை முடிந்து எல்லாரும் எழுந்திருக்கும்போது அவன் கையைப் பிடித்துக்கொண்டு, முகத்தைப் பார்த்து, இதை மட்டும் சொல்: "அண்ணே, நான் ஓட்டல. நீ ஓட்டினியா?"

அம்மா